சொந்தச் செயலிக்கு மாறிய ஆப்பிள்: எழுந்த எதிரொலிகளும் அவற்றின் பொருளாதாரமும்

2020ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஆப்பிள் நிறுவனம், மென்பொருள் எழுதுவோருக்கென ஆண்டுதோறும் நடத்தும் மாநாட்டைத் தொடங்கியது. கொரோனா தொற்றின் காரணமாக அவ்வாண்டு அரங்கில் பார்வையாளர் எவரும் இல்லை. அன்று நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டிம் குக் ஒரு முக்கிய அறிவிப்பை வெளியிட்டார். 'மேக்' என்ற பெயரில் விற்கப்படும் கம்ப்யூட்டர்களில் 2006 முதல் பொருத்தப்பட்டு வந்த இன்டெல் நிறுவனத்தின் செயலிகள் இனிக் கைவிடப்படும். ஆப்பிள் தானே வடிவமைக்கும் செயலிகள் அவற்றின் இடத்தைப் பெறும். இம்மாற்றம் சுமார் இரண்டு ஆண்டுகளில் நிறைவுறும் என்பதே அது.

கம்ப்யூட்டர் உற்பத்தியாளர் ஒருவர் உதிரி பாகம் வழங்குபவரை மாற்றிக்கொள்வது அப்படியொன்றும் அதிசயமன்று. ஆனால் செயலி என்பது மற்ற உதிரி பாகங்களைப் போன்றதல்ல. ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் தனக்கென ஒரு கட்டளைத் தொகுதி உண்டு. ஒரு தொகுதிக்கென ஆக்கப்பட்ட மென்பொருளை மற்றொரு தொகுதியைச் சேர்ந்த செயலி புரிந்துகொள்ளாது. நம் நாட்டு ரயில்வேயில் மீட்டர் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்ட அனுபவத்தை இதற்கு ஒப்பிடலாம். தண்டவாளத்தின் அகலத்தை மாற்றினால் எஞ்சின், வண்டி, பணிமனை அனைத்தும் மாற வேண்டும். மாறும் காலத்தில், சந்திப்பு நிலையங்களில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி ஏற்ற வேண்டும். அதற்குச் செலவும் தாமதமும் உண்டு. செயலி மாற்றமும் அத்தகையதே. அதனாலேயே ஆப்பிளின் அறிவிப்பு, அதன் வாடிக்கையாளர்களை மட்டுமன்றி, மென்பொருள் எழுதுவோர், போட்டியாளர்கள், சில்லு ஆலைகள், இறுதியில் அரசாங்கங்கள் ஆகிய எல்லோரையும் தொட்டது.

முன்னர் நிகழ்ந்த இரு மாற்றங்கள்

ஆப்பிளுக்கு இது புதிய அனுபவமன்று. மேக் கம்ப்யூட்டர் 1984இல் வெளிவந்தபோது அதில் மோட்டரோலாவின் 68000 வரிசைச் செயலி இருந்தது. 1994இல், ஐ.பி.எம்., மோட்டரோலா ஆகியவற்றுடன் கூட்டாக உருவாக்கிய 'பவர் பி.சி.' செயலிக்கு ஆப்பிள் மாறியது. 2005 ஜூன் மாதம், அப்போதைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், பவர் பி.சி.யைக் கைவிட்டு இன்டெலுக்கு மாறப்போவதாக அறிவித்தார். மூன்று கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள கம்ப்யூட்டரைத் தருவதாக முன்னர் கூறியிருந்தும் அது கைகூடவில்லை என்பதை அவரே மேடையில் ஒப்புக்கொண்டார். ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை நடைபெறுகிறது என்பதே இனி அளவுகோல் என்றும் அவர் கூறினார். மடிக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் உயிர்நாடியானது. செலவாகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. வெப்பத்தை வெளியேற்ற விசிறியும், மின்சாரத்தைச் சேமிக்கப் பெரிய மின்கலமும் தேவைப்படுகின்றன.

பதினைந்து ஆண்டுகள் கழித்து இன்டெலைக் கைவிட்டபோதும் ஏறத்தாழ அதே காரணம்தான் கூறப்பட்டது. ஆனால் இம்முறை ஒரு விற்பனையாளரை விட்டு மற்றொரு விற்பனையாளரிடம் செல்லவில்லை. வெளியில் வாங்குவதையே நிறுத்திக்கொண்டது. இதுவே முக்கிய வேறுபாடு.

வாங்குவதா, செய்வதா?

ஒரு நிறுவனம் எதைச் சந்தையில் வாங்க வேண்டும், எதைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்ற வினாவை 1937இல் ரொனால்டு கோஸ் எழுப்பினார். சந்தையைப் பயன்படுத்துவதற்கே ஒரு செலவு உண்டு. அச்செலவு, வேலையை உள்ளேயே நடத்தும் செலவைவிட அதிகமாகும்போது நிறுவனம் அதனைத் தானே செய்யத் தொடங்கும் என்பது அவர் தந்த விடை. பொருளாதார மாணவர்கள் இதனைப் பாடமாகப் படிக்கின்றனர். ஆப்பிளின் வரலாற்றில் அது எண்களோடு காணக்கிடைக்கிறது.

செயலியை வடிவமைப்பதற்கான செலவு பெரும்பாலும் நிலையான செலவு. பத்து லட்சம் செயலிகள் செய்தாலும் பத்துக் கோடி செய்தாலும் பொறியாளர்களின் சம்பளம் ஏறத்தாழ ஒன்றே. 2018 நிதியாண்டில் ஆப்பிள் விற்ற மேக் கம்ப்யூட்டர்கள் சுமார் 1.82 கோடி. உலகக் கம்ப்யூட்டர் விற்பனையில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த அளவை மட்டும் நம்பி, உலகின் முன்னணிச் சில்லு நிறுவனத்துக்கு நிகரான செயலியை உருவாக்குவது கட்டுப்படியாகாது. ஆனால் அதே ஆண்டில் விற்பனையான ஐபோன்கள் சுமார் 21.77 கோடி. தொலைபேசிக்கென ஏற்பட்ட வடிவமைப்புச் செலவை இந்தப் பெருந்தொகையின் மீது பகிர்ந்தபோது, அதே அடிப்படையில் கம்ப்யூட்டர் செயலியை உருவாக்கும் கூடுதல் செலவு சிறிதாகிவிட்டது. இன்டெலை வென்றது மேக் அன்று, ஐபோனே எனக் கூறினால் அது மிகையாகாது.

இதற்கான ஆயத்தம் 2020இல் தொடங்கியதன்று. 2008இல் பி.ஏ. செமி என்ற சிறிய சில்லு வடிவமைப்பு நிறுவனத்தைச் சுமார் 27.8 கோடி டாலருக்கு ஆப்பிள் வாங்கியது. 2010இல் ஐபேடுடன் வெளிவந்த ஏ4 சில்லு, ஆப்பிளின் பெயரைத் தாங்கி வந்த முதற் சில்லு. 2012இன் ஏ6 சில்லில் செயலியின் மையக் கருவையும் ஆப்பிளே வடிவமைத்தது. 2013இன் ஏ7 சில்லு, தொலைபேசிகளில் முதன்முதலாக 64 பிட் செயலியாக வந்தது. போட்டியாளரான குவால்காமின் அதிகாரி ஒருவர் அதனை வெறும் விளம்பர உத்தி என வர்ணித்தார். சில நாட்களில் அக்கருத்து சரியன்று என அந்நிறுவனமே திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. பத்தாண்டுக் காலம் அமைதியாகத் திரட்டப்பட்ட திறமையே பின்னர் மேக்கில் குடியேறியது.

இவ்விடத்தில் இன்டெலின் பழைய முடிவொன்றையும் நினைவுகூர வேண்டும். முதல் ஐபோனுக்கான சில்லைச் செய்து தரும் வாய்ப்பு இன்டெலுக்கே வந்தது. ஆப்பிள் தர விரும்பிய விலை, தாங்கள் கணித்த அடக்கச் செலவைவிடக் குறைவாக இருந்ததால் அதை ஏற்கவில்லை என்று, 2013இல் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமை நிர்வாகி பால் ஒட்டெலினி ஒரு பேட்டியில் கூறினார். அடக்கச் செலவுக் கணிப்பு தவறாக இருந்தது என்றும், விற்பனை அளவு எவரும் எண்ணியதைப் போல் நூறு மடங்காக இருந்தது என்றும் அவரே வருத்தத்துடன் தெரிவித்தார். கையடக்கக் கருவிகளுக்கான தனது ஆர்ம் வகைச் செயலித் தொழிலையும் இன்டெல் 2006இல் 60 கோடி டாலருக்கு மார்வெல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருந்தது. திட்டமிடுவோர், தேவை பற்றிய மதிப்பீடு எத்துணை ஆபத்தான கலை என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை.

'சொந்தம்' என்பதன் பொருள்

2020 நவம்பர் 10ஆம் தேதி எம்1 என்ற சில்லும், அதனைக் கொண்ட மூன்று மேக் கம்ப்யூட்டர்களும் அறிவிக்கப்பட்டன. ஒரே சில்லில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். கனமான பணிகளுக்கென நான்கு மையக் கருக்களும், இலகுவான பணிகளுக்கென மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் நான்கு மையக் கருக்களும் அதில் இருந்தன. செயலியும் சித்திரங்களைக் கையாளும் பகுதியும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டதால், தகவல்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்க்கும் வீண்வேலை குறைந்தது. மேக்புக் ஏர் என்ற மடிக் கம்ப்யூட்டரிலிருந்து விசிறி நீக்கப்பட்டது. கம்பியில்லா இணையப் பயன்பாட்டில் முந்தைய மாதிரிக்கு 11 மணி நேரம் எனக் கூறிய நிறுவனம், புதியதற்கு 15 மணி நேரம் எனக் கூறியது. விலையோ பழைய 999 டாலரே.

ஆயினும் 'சொந்தச் செயலி' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. வடிவமைப்பு மட்டுமே ஆப்பிளினுடையது. கட்டளைத் தொகுதி, பிரிட்டனைச் சேர்ந்த ஆர்ம் நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. (அந்நிறுவனம் 1990இல் தொடங்கப்பட்டபோது ஏக்கார்ன், வி.எல்.எஸ்.ஐ. டெக்னாலஜி ஆகியவற்றுடன் ஆப்பிளும் பங்குதாரராக இருந்தது. பின்னர் நெருக்கடிக் காலத்தில் அப்பங்குகளை விற்றுச் செலவுக்குப் பயன்படுத்திக்கொண்டது.) சில்லைச் செய்து தருவது தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனம். அதன் ஆலைகளில் மிக நுண்ணிய சுற்றுக்களை ஒளியால் பதிக்கும் இயந்திரங்களோ நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனத்தினுடையவை. ஆகவே, ஒரு சார்பு நீங்கி மற்றொரு சார்பு வந்தது என்பதே சரியான கணக்கு. இன்டெல் தன் செயலிகளைப் பெரும்பாலும் தன் சொந்த ஆலைகளிலேயே செய்துவந்தது. ஆப்பிளுக்கு ஆலையே கிடையாது.

இன்டெலின் எதிரொலி

அறிவிப்பு வெளியானபோது இன்டெலின் பதில் மிக நிதானமாக இருந்தது. ஆப்பிள் தங்கள் வாடிக்கையாளர் என்றும், தொடர்ந்து ஆதரவளிப்போம் என்றும் கூறியதோடு நிறுத்திக்கொண்டது. மொத்த வருவாயில் ஆப்பிளின் பங்கு சிறியதே என்பதால் முதலீட்டாளர்களும் பதறவில்லை. ஆனால் அடுத்த மாதமே, ஜூலை 23ஆம் தேதி, தனது 7 நானோமீட்டர் உற்பத்தி முறை மேலும் தாமதமாகும் என்று இன்டெல் அறிவித்தபோது, மறுநாளே அதன் பங்கு விலை சுமார் 16 சதவீதம் வீழ்ந்தது. அதற்கு முந்தைய 10 நானோமீட்டர் முறையும் பல ஆண்டுகள் தாமதமாகியிருந்தது. சந்தை அஞ்சியது ஒரு வாடிக்கையாளரின் விலகலைக் கண்டன்று. அவ்விலகலுக்குக் காரணமான ஆலைக் கோளாற்றைக் கண்டே.

2021 தொடக்கத்தில் தொனி மாறியது. தலைமைப் பொறுப்பேற்கவிருந்த பாட் கெல்சிங்கர், ஊழியர் கூட்டமொன்றில் ஆப்பிளை ஒரு நாகரிக வாழ்க்கைப் பாணிக் கம்பெனி என்ற பொருள்படக் குறிப்பிட்டு, அதனைவிடச் சிறந்த செயலியை நாம் தர வேண்டும் என்று கூறியதாகப் பத்திரிகைகள் தெரிவித்தன. ஒரு காலத்தில் ஆப்பிளின் விளம்பரங்களில் மேக்காகவே நடித்த நடிகர் ஜஸ்டின் லாங்கை அமர்த்தி, மேக்கைக் கேலி செய்யும் விளம்பரப் படங்களையும் இன்டெல் வெளியிட்டது. அதே மார்ச் மாதத்தில், அரிசோனா மாநிலத்தில் 2,000 கோடி டாலர் செலவில் இரண்டு ஆலைகள் அமைத்துப் பிற நிறுவனங்களுக்கும் சில்லு செய்து தருவோம் என்ற திட்டத்தை அறிவித்தது. ஆப்பிளையே வாடிக்கையாளராகப் பெறும் விருப்பத்தையும் கெல்சிங்கர் மறைக்கவில்லை. ஒரே சமயத்தில் கேலியும் அழைப்புமாக அமைந்த இந்த நிலை, பெரிய கம்பெனிகளுக்குச் சற்றுப் பொருந்தாததே.

பின்னர் நிகழ்ந்தவற்றை எண்கள் கூறும். இன்டெலின் வருவாய் 2021இல் 7,900 கோடி டாலராக இருந்து 2024இல் சுமார் 5,310 கோடி டாலராகக் குறைந்தது. 2024இல் நட்டம் சுமார் 1,880 கோடி டாலர். அவ்வாண்டு டிசம்பரில் கெல்சிங்கர் பதவி விலகினார். இவ்வீழ்ச்சிக்கு ஆப்பிளைப் பொறுப்பாக்குவது தவறு. ஆலைத் தாமதம், ஏ.எம்.டி. நிறுவனத்தின் போட்டி, செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளில் என்விடியா பெற்ற முன்னிலை ஆகியவற்றின் பங்கு மிகப் பெரிது. அதேபோல, மேக் விற்பனை 2020 நிதியாண்டில் 2,860 கோடி டாலரிலிருந்து 2022இல் 4,020 கோடி டாலராக உயர்ந்ததைப் புதிய செயலியின் வெற்றியாக மட்டும் கருதுவதும் தவறு. வீட்டிலிருந்தே வேலை செய்ய நேர்ந்த காலம் அது. 2023இல் விற்பனை மீண்டும் 2,940 கோடி டாலருக்கு இறங்கிவிட்டது.

மென்பொருள் எழுதுவோரும் பயன்படுத்துவோரும்

மாற்றத்தின் சுமை முதலில் விழுந்தது மென்பொருள் எழுதுவோர் மீது. அவர்கள் முன்கூட்டியே ஆயத்தமாவதற்காக, ஐபேடின் செயலியைக் கொண்ட ஒரு சோதனைக் கம்ப்யூட்டரை ஆப்பிள் 500 டாலர் கட்டணத்தில் வழங்கியது. பின்னர் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. பழைய மென்பொருளைப் புதிய செயலியில் இயக்க 'ரொசெட்டா 2' என்ற மொழிபெயர்ப்பு ஏற்பாடும் இருந்தது. மென்பொருளை நிறுவும்போதே பெரும்பகுதியை மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளும் முறை அது. மேற்கூறிய ரயில் உவமையில், சரக்கு மாற்றி ஏற்றும் சந்திப்பு நிலையம் இதுவே. சில மென்பொருள்கள் இவ்வாறு மொழிபெயர்க்கப்பட்ட நிலையிலும் பழைய இன்டெல் மேக்கைவிட வேகமாக ஓடின என்பதே தயங்கி நின்ற பலரையும் இணங்கச் செய்தது.

எல்லோரும் திருப்தியடைந்தனர் எனக் கூறவியலாது. இன்டெல் மேக்கில் விண்டோஸ் இயக்க முறையை நேரடியாக நிறுவிக்கொள்ளும் வசதி இருந்தது. புதியவற்றில் அது இல்லாமற் போயிற்று. நினைவகம் சில்லுடனேயே இணைக்கப்பட்டதால், வாங்கியபின் அதனைக் கூட்டிக்கொள்ள இயலாது. வாங்கும்போதே அதிக விலை கொடுத்தாக வேண்டும். பொருளாதாரத்தின் மொழியில், பயன்படுத்துவோரின் தெரிவுரிமையில் ஒரு பகுதி உற்பத்தியாளருக்குக் கைமாறியது. மிக உயர்ந்த திறன் வேண்டுவோர்க்கான மேக் ப்ரோ, இரண்டாண்டுக் கெடுவைத் தாண்டி 2023 ஜூனில்தான் புதிய செயலியைப் பெற்றது. இன்டெல் செயலியுடன் 1.5 டெராபைட் வரை நினைவகம் ஏற்ற அந்த இயந்திரம், புதிய வடிவில் 192 கிகாபைட்டோடு நின்றது. தனியாகச் சித்திர அட்டைகளைச் செருகும் வழியும் அடைபட்டது. திரைப்படத் தொகுப்பாளர்களும் ஆய்வாளர்களும் இதுபற்றிக் குறை கூறியதில் நியாயம் உண்டு.

லினக்ஸ் இயக்க முறையைத் தோற்றுவித்த லைனஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் ஓடுமானால் இக்கம்ப்யூட்டரைப் பெரிதும் விரும்புவேன் என 2020இல் கூறினார். ஆப்பிள் இதற்கென ஆவணங்களை வெளியிடவில்லை. தன்னார்வலர் குழுவொன்று சில்லின் செயற்பாட்டைப் பின்னோக்கி ஆராய்ந்து 'அசாஹி லினக்ஸ்' என்ற பதிப்பை உருவாக்கியது. 2022 ஜூலையில் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் 5.19ஆம் பதிப்பை ஆப்பிள் மடிக் கம்ப்யூட்டரிலிருந்தே வெளியிட்டார்.

பழைய கம்ப்யூட்டர்களின் கதியும் முடிவாகிவிட்டது. 2025இல் வெளிவந்த மேக் இயக்க முறையின் 26ஆம் பதிப்பே இன்டெல் மேக்குகளுக்குக் கிடைக்கும் கடைசிப் பதிப்பு என ஆப்பிள் அறிவித்தது. 2023இன் நடுப்பகுதி வரை விற்பனையிலிருந்த மேக் ப்ரோவை 5,999 டாலருக்குக் குறையாமல் கொடுத்து வாங்கியவரும் இதில் அடக்கம். அரசு அலுவலகங்களில் கம்ப்யூட்டர் கொள்முதல் செய்வோர் கவனிக்க வேண்டிய செய்தி இது. இயந்திரத்தின் ஆயுள் அதன் இரும்பிலும் கண்ணாடியிலும் இல்லை. மென்பொருள் வழங்குவதாக உற்பத்தியாளர் ஏற்கும் ஆண்டுகளில் உள்ளது.

போட்டியாளர்களும் அரசாங்கங்களும்

ஆர்ம் வகைச் செயலியில் விண்டோஸை ஓட்டும் முயற்சியை மைக்ரோசாப்ட் 2012லேயே செய்து பார்த்துவிட்டது. விற்காமல் தேங்கிய கருவிகளுக்காக 2013இல் 90 கோடி டாலரை நட்டமாக எழுத நேர்ந்தது. ஆப்பிளின் வெற்றிக்குப் பின் அம்முயற்சி புத்துயிர் பெற்றது. ஆப்பிளில் சில்லு வடிவமைத்த பொறியாளர்கள் தொடங்கிய நூவியா நிறுவனத்தை 140 கோடி டாலருக்கு வாங்குவதாகக் குவால்காம் 2021 ஜனவரியில் அறிவித்தது. அவ்வடிவமைப்பின் வழிவந்த செயலிகளைக் கொண்ட விண்டோஸ் மடிக் கம்ப்யூட்டர்கள் 2024 ஜூனில் கடைக்கு வந்தன. இடையில், உரிமம் கைமாறியது செல்லாது என ஆர்ம் 2022இல் வழக்குத் தொடுத்தது; 2024 டிசம்பரில் நடுவர் குழுவின் தீர்ப்பு பெரும்பாலும் குவால்காமுக்குச் சாதகமாக அமைந்தது. கட்டளைத் தொகுதியை வாடகைக்கு எடுப்பவரின் சுதந்திரம் எதுவரை செல்லும் என்ற வினா, இதனால் பல நாடுகளில் ஆலோசனைக்குரியதாயிற்று.

அமெரிக்க அரசின் கவலை வேறு வகையானது. மிக நுண்ணிய சில்லுகளின் உற்பத்தி தைவானில் குவிந்துவிட்டது. ஆப்பிளைப் போன்றோர் சொந்த வடிவமைப்புக்கு மாற மாற, அக்குவிப்பு மேலும் கூடியது. 2022 ஆகஸ்டில் சில்லுத் தொழிலுக்குச் சுமார் 5,200 கோடி டாலர் ஒதுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2025 ஆகஸ்டில் இன்டெலில் ஏறத்தாழப் பத்து சதவீதப் பங்கையே அரசு எடுத்துக்கொண்டது. தனியார் துறையின் தாயகமெனக் கருதப்பட்ட நாட்டில் இவ்வாறு நிகழ்ந்தது, நம் நாட்டுப் பொதுத்துறை விவாதங்களை அறிந்தவர்களுக்குப் புன்முறுவலைத் தரக்கூடும்.

இந்திய நோக்கில்

நம் நாட்டில் 2017 முதல் ஐபோன்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. ஆனால் அவற்றினுள் உள்ள செயலி வெளிநாட்டில் வடிவமைக்கப்பட்டு, வெளிநாட்டில் செய்யப்பட்டு வருவது. பொருத்துதல், உற்பத்தி, வடிவமைப்பு ஆகிய மூன்றும் மூன்று வேறு தொழில்கள் என்பதையும், பயனில் பெரும்பங்கு கடைசியானதற்கே செல்கிறது என்பதையும் ஆப்பிளின் கதை காட்டுகிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் மதிப்பில் அரைக்கடத்தித் தொழில் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2024 பிப்ரவரியில், குஜராத்தின் தொலேராவில் தைவானின் பவர்சிப் நிறுவனத்துடன் இணைந்து டாடா அமைக்கும் ஆலைக்கு அமைச்சரவை அனுமதி வழங்கியது.

வடிவமைப்பில் தொடக்கம் அதற்கும் முந்தையது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி' செயலிகள், உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டவை. சி-டாக் நிறுவனத்தின் 'வேகா' செயலிகளும் அவ்வாறே. ஆர்ம், குவால்காம் வழக்கைப் போன்றதொரு சிக்கல் இவற்றுக்கு எழ வழியில்லை. இவற்றின் குறை வேறிடத்தில் உள்ளது. நிலையான செலவைப் பகிர்ந்துகொள்ளும் 21 கோடி ஐபோன்கள் இவற்றின் பின்னே இல்லை. மின்மீட்டர், வாக்குப்பதிவு இயந்திரம், ரயில்வே சைகை, பாதுகாப்புக் கருவி என அரசே வாங்கும் பொருள்கள் பல உள்ளன. அவற்றின் ஒப்பந்த நிபந்தனைகளில் உள்நாட்டுச் செயலிக்கு இடமளித்தால், அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்யலாம். 2018இல் சக்தி செயலிகளின் ஒரு வகை, சண்டிகரை அடுத்த மொஹாலியிலுள்ள அரைக்கடத்தி ஆய்வுக்கூடத்தில் 180 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. அதனினும் நுண்ணிய 22 நானோமீட்டர் வகையை நம் நாட்டில் செய்ய வசதியில்லாததால், அதன் சில்லுகள் அமெரிக்காவிலுள்ள இன்டெல் ஆலையில் செய்யப்பட்டு வந்து சேர்ந்தன.